மேடையா, ஸ்டுடியோவா: அயர்ன் மெய்டனும் என் சி-90 கேசட்டும்

கேள்வி (வாசகர் ஒருவர்) – 6 ஏப்ரல் 2025

மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனை ஸ்டுடியோ ஆல்பங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். பெரியவர்கள் எல்லாரும் லைவ் ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். போட்டுக் கேட்டால் மூச்சு வாங்கும் பாடகர், இரைச்சல், அவசரம். சுத்தமாகப் பாடி, சுத்தமாகப் பதிந்த பாட்டு கையில் இருக்கும்போது இந்த நகல் எதற்கு சார்? பழைய நினைவுக்காகவா?

6 ஏப்ரல், இரவு

"நகல்" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள், மீதியைப் பேசலாம்.

என் கட்சி இது: மெய்டன் ஸ்டுடியோவில் பதிவது கையெழுத்துப் பிரதி. பாட்டு அச்சேறுவது மேடையில். 1980ல் வந்த முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் வில் மலோன். அந்த ஒலி குழுவை ஆரம்பித்த பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸுக்கே பிடிக்காது. அதில் 'ரன்னிங் ஃப்ரீ' 3 நிமிடம் சொச்சம். 1985ல் வந்த மேடைப் பதிவு 'லைவ் ஆஃப்டர் டெத்'தில் அதே பாட்டு 8 நிமிடத்தைத் தாண்டும். நடுவில் பாடகர் புரூஸ் டிக்கின்சன் கூட்டத்தை வம்புக்கு இழுத்துப் பாடவைக்கிறார். அந்த 5 நிமிடத்தை எந்த ஸ்டுடியோவில் போய்ப் பதிவீர்கள்?

வேகத்தை அவசரம் என்கிறீர்கள். டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் ஸ்டுடியோவில் அடக்கி வாசித்ததை மேடையில் அவிழ்த்துவிடுகிறார். 'ரன் டு தி ஹில்ஸ்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், புரியும்.

7 ஏப்ரல், காலை

காபி குடிக்கும்போது சுருக்கென்று உறைத்தது. 'ரன் டு தி ஹில்ஸ்' ஸ்டுடியோவில் வாசித்தது நிக்கோவே இல்லை. 1982 ஆல்பம் அது, டிரம்ஸ் கிளைவ் பர். நிக்கோ 1983ல் 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தில்தான் வருகிறார். ஆக நான் அடுக்கிய உதாரணத்தில் மேடைக்கும் ஸ்டுடியோவுக்கும் போட்டி இல்லை, இரண்டு டிரம்மர்களுக்குப் போட்டி. 35 வருஷமாகக் கேட்கிறேன் என்று மார்தட்டுகிறவன் முதல் நாளே சறுக்கினேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: கிளைவ் பர் வாசித்ததில் ஒரு துள்ளல் உண்டு, நிக்கோவிடம் உருளல். 'ரன் டு தி ஹில்ஸ்' தொடக்கத்தில் வரும் அந்தத் தாளம் கிளைவ் கையில்தான் எனக்குப் பிடிக்கும். என் கட்சிக்கு நானே வைத்துக்கொண்ட முதல் ஓட்டை.

9 ஏப்ரல்

"பழைய நினைவுக்காகவா?" என்று கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1989. கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர் ஒருவரிடம் 'லைவ் ஆஃப்டர் டெத்' இரட்டை எல்பி இருந்தது. அவருடைய மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகத் தரமாட்டார், தந்தாலும் எங்கள் வீட்டில் பிளேயர் கிடையாது. அப்போது சென்னையில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் கடை. நாம் காகிதத்தில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். நாங்கள் இரண்டு பேரும் எல்பியைத் துணிப்பையில் போட்டு, வெயில் படாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். மின்னல் வெட்ட, கல்லறையைப் பிளந்துகொண்டு எழுந்து வரும் எடி, மெய்டனின் அட்டைப்படப் பேய். "பேய்ப் படப் பாட்டா தம்பி?" என்றார். அவர் அலமாரி முழுக்க பக்தியும் சினிமாவும். சி-90 கேசட் ஒன்று, பதிவுக்கூலி சேர்த்து 40 ரூபாய்.

சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். ஆல்பமோ 100 நிமிடத்துக்கு மேல். கடைக்காரருக்கு அதெல்லாம் கவலை இல்லை. ஊசியை வைத்தார், ஓடவிட்டார், நாடா தீர்ந்ததும் திருப்பிப் போட்டார். முதல் பக்கத்தில் 13 நிமிடக் கடல் கதை 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' முழுசாக விழுந்துவிட்டது. அதற்கடுத்த 'பவர்ஸ்லேவ்' கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது 'டக்'. இரண்டாம் பக்கம் 'டை வித் யுவர் பூட்ஸ் ஆன்' நடுவிலேயே நின்றது. பூட்ஸைக் கழற்ற அவகாசம் இல்லாமலே ஆள் காலி. கடைசிப் பாட்டான 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' பதியவே இல்லை.

மூன்று வருஷம் அந்தக் கேசட்தான் எனக்கு மெய்டன். டெக்கின் ஹெட்டில் நாடா உராய்ந்து உராய்ந்து மேல்சுருதி மங்கிப்போய், சிம்பல் எல்லாம் ஈரத்துணியை உதறுகிற மாதிரி கேட்கும். ஸ்டுடியோ ஆல்பங்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது அதற்கப்புறம். 'தி ட்ரூப்பர்' ஸ்டுடியோ வடிவத்தை முதன்முதல் கேட்டபோது நண்பனின் டெக்கில் மோட்டார் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து, அவனிடம் பெல்ட் மாற்றச் சொன்னேன். அவன் மாற்றினான். பாட்டு மாறவில்லை.

10 ஏப்ரல்

ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்த நண்பர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "முழு ஆல்பமும் லாங் பீச்சில் பதிந்தது என்றுதானே நீ ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்?" ஆமாம், சொன்னேன். தப்பு. முதல் மூன்று பக்கம்தான் 1985 மார்ச்சில் கலிஃபோர்னியா லாங் பீச் அரீனாவில் பதிந்தது. நாலாவது பக்கம் 1984 அக்டோபரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில். நாலாவது பக்கம்தான் என் கேசட்டில் ஒழுங்காக விழவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்!

13 ஏப்ரல்

மூன்று நாளாக இது மண்டையைக் குடைகிறது.

முதல் ஆல்பங்களில் பாடியவர் பால் டி'ஆனோ. கரகரத்த குரல், தெருமுனைச் சண்டைக்கு நிற்கிறவர் மாதிரி. 1981ல் டிக்கின்சன் வந்தார். பழைய பாட்டுகளையும் மேடையில் அவரே பாட ஆரம்பித்தார். 'லைவ் ஆஃப்டர் டெத்' நாலாவது பக்கத்தில் அப்படி இரண்டு பாட்டு: 'ராத்சைல்ட்', 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'. இரண்டுமே ஹாமர்ஸ்மித். அதே மேடை, அதே குரல், அதே ஒலிப்பதிவு.

'ராத்சைல்ட்' எனக்கு டிக்கின்சன் குரலில்தான் பாட்டு. டி'ஆனோ பாடிய மூலம் கேட்டால் ஒத்திகை மாதிரி இருக்கிறது. 'ஃபேன்டம்' அப்படியே நேரெதிர். டி'ஆனோதான் பாட்டு. டிக்கின்சன் அதை ஆபரா மேடைக்கு இழுத்துப் போய்க் கெடுத்துவிட்டார் என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா. 'அந்தப் பாட்டுக்குத் தேவை பதுங்குகிற குரல், முழங்குகிற குரல் இல்லை' என்று ஒரு கோட்பாடே வைத்திருந்தேன்.

கோட்பாடாவது ஒன்றாவது. சி-90ல் 'ராத்சைல்ட்' விழுந்தது, 'ஃபேன்டம்' விழவில்லை. முன்னதை மேடையில் முதலில் கேட்டேன், பின்னதை ஸ்டுடியோவில் முதலில் கேட்டேன். அவ்வளவுதான் சமாச்சாரம். என் இசை ரசனை என்று நான் பெருமைப்பட்டதில் பாதியை அந்த ரெக்கார்டிங் கடைக்காரர் நாடா தீர்ந்த இடத்தில் முடிவு செய்திருக்கிறார்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் ஸ்டுடியோவில் கேட்டு வளர்ந்ததாக முதல் வரியிலேயே சொன்னீர்கள். நான் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விட்டேன். இருவருக்கும் ஒரே வியாதிதான்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். மாங்காய்ப் பச்சடி தின்றுகொண்டே 'பவர்ஸ்லேவ்' கேட்டேன். வீட்டில் எதிர்ப்பு.

19 ஏப்ரல்

வேகத்தை அளந்தே விடுவோம் என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'தி ட்ரூப்பர்' ஸ்டுடியோவில் நிமிடத்துக்குச் சுமார் 160 அடி. லாங் பீச் வடிவத்தை மூன்று முறை எண்ணினேன், மூன்று விடை வந்தது. என் விரலும் சேர்ந்து ஓடிவிடுகிறது. ஆனால் ஒருமுறைகூட 160க்குக் கீழே இறங்கவில்லை.

ஏன் ஓடுகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஹாரிஸின் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள்: 'தாம்தக தாம்தக' என்று குதிரைக் குளம்படி. தந்தியை மீட்டும் பிளெக்ட்ரம் இல்லாமல் விரலாலேயே வாசிக்கிறார். நிக்கோவுக்கோ ஒற்றை பேஸ் டிரம், இரட்டை மிதியைத் தொட்டது அபூர்வம். ஒரே வலது கால் அந்த நடை முழுக்கத் தாங்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முன்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் குதிக்கும்போது, நடை ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்டுடியோவில் எதிரே இருப்பது கண்ணாடி. அதற்குப் பின்னால் டீ குடிக்கும் என்ஜினீயர்.

நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் "அச்சு அசல் ரெக்கார்டு மாதிரியே வாசிச்சாங்க" என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. சபாவில் போய் அதையே ஒரு வித்வானிடம் சொல்லிப் பாருங்கள், தாம்பூலப் பையை வீசுவார். மெய்டன் இந்த இரண்டுக்கும் நடுவில். ஸோலோக்கள் பெரும்பாலும் ரெக்கார்டில் இருக்கிறபடியே வரும். கிட்டார் வாசிக்கும் டேவ் மர்ரி ஒரு சுரம் மாற்றினால் முன்வரிசை முகம் சுளிக்கும். நடையும் மூச்சும்தான் அன்றன்றைக்கு.

27 ஏப்ரல்

சரி, பெங்களூர்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பேலஸ் கிரவுண்ட்ஸ். மெய்டன் இந்தியாவில் முதன்முதல் வாசித்த நாள். நானும் என் மச்சானும் பிருந்தாவனில் போய் இறங்கினோம். எனக்கு 34 வயது. பெண்டாட்டியிடம் "ஆபீஸ் வேலை" என்று சொல்லவில்லை, நிஜத்தையே சொன்னேன், அவள்தான் நம்பவில்லை. எங்கு பார்த்தாலும் கறுப்பு டிசர்ட். குவாஹாட்டியிலிருந்து ரயிலேறி வந்த பையன்கள் வரிசையில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். முதலில் தில்லியின் பரிக்ரமா குழுவும் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் வாசித்தார்கள்.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். ஒலி மோசம். நான் நின்ற இடத்தில், மேடைக்கு இடப்பக்கம் தள்ளி, பேஸ் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. கிட்டார் காற்றடிக்கிற திசைக்கு ஏற்ப வந்து வந்து போனது. மூன்று கிட்டார் வாசிக்கிறார்கள், மர்ரி, ஏட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ். எனக்குக் கேட்டது ஒன்றரை. செம்மண் புழுதி வேறு. சரியாகக் கேட்பதுதான் நோக்கம் என்றால், கேள்வி கேட்டவர் பக்கம் 100க்கு 100 நியாயம்: வீட்டிலிருந்து ஹெட்போனில் கேட்டிருக்கலாம்.

அப்புறம் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்தது.

இந்தப் பாட்டை நான் 1992லேயே ஸ்டுடியோ கேசட்டில் கேட்டவன். லைவ் பதிவுகள் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தன. 13 ஏப்ரல் கணக்குப்படி ஸ்டுடியோதான் எனக்கு மூலமாக இருக்க வேண்டும். அந்தக் கேசட்டில் தொடக்கத்தில் கிட்டார் ஒரு மெட்டை வாசிக்கும், தனியாக, கொஞ்சம் சோகமாக. அவ்வளவுதான். பேலஸ் கிரவுண்ட்ஸில் அந்த மெட்டின் முதல் சுரம் விழுந்ததும் மொத்த மைதானமும் "ஓ ஓ ஓ" என்று கிட்டாரோடு சேர்ந்து பாடியது. வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். இரண்டாம் முறை வரும்போது நானும் பாடிக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாது, எனக்குத் துணைக்கு வந்தவன். அவனும் பாடினான். கிட்டார் காற்றில் போய்விட்டது என்றேனே, அந்த இடத்தில் கிட்டார் தேவையே படவில்லை. மெட்டு எங்கள் தொண்டையில் இருந்தது.

சென்னை திரும்பி ஸ்டுடியோ கேசட்டைப் போட்டேன். அந்தத் தொடக்கம் காலி வீடு மாதிரி இருந்தது. சாமானெல்லாம் ஏற்றிப் போன பிறகு சுவரில் ஆணி மட்டும் தெரியுமே, அப்படி.

27 ஏப்ரல், பின்னிரவு

படித்துப் பார்த்தால் என் கோட்பாட்டை நானே உடைத்திருக்கிறேன். முதலில் கேட்டதுதான் ஜெயிக்கும் என்றால் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஸ்டுடியோ ஜெயித்திருக்க வேண்டும். விதிவிலக்கு: நீ அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால். அல்லது பாட்டிலேயே கூட்டத்துக்கு இடம் விட்டிருந்தால். நாளைக்கு யோசிக்கிறேன்.

28 ஏப்ரல்

யோசிக்கவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது. அதே இரவு போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உலகக் கோப்பை, இந்தியா–வங்கதேசம். மைதானத்திலிருந்து வெளியே வரும்போது தொண்டை கிழிந்து, காது அடைத்து, எல்லாரும் சொர்க்கத்தில். பக்கத்தில் ஒருவன் போனில் ஸ்கோர் கேட்டுவிட்டு எங்களிடம் விரலால் காட்டினான், 191க்கு ஆல் அவுட் என்று. மச்சான் அதோடு சொர்க்கத்திலிருந்து இறங்கிவிட்டான். ராத்திரியே தோற்றும் போனோம். இன்றைக்கும் மெய்டன் என்றால் அவனுக்கு ஞாபகம் வருவது வங்கதேசம்.

அவன் போனில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது, 15 விநாடி. பட்டாணி வறுக்கிற சத்தம்தான் கேட்கும். அழிக்காமல் வைத்திருக்கிறான்.

4 மே

"லைவ் என்று விற்பதெல்லாம் லைவ்தானா?" என்று வந்த கேள்வி நியாயமானது. பல சமயம் இல்லை. இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' 1979ல் டோக்கியோவில் பதிந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரலைப் பிறகு ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். கேலிக்காரர்கள் அதற்கு 'அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ' என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் அந்த ஆல்பத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு கதை.

லாங் பீச்சில் அடுத்தடுத்து 4 இரவு கச்சேரி. அதிலிருந்து எடுத்ததுதான் 'லைவ் ஆஃப்டர் டெத்'தின் முதல் மூன்று பக்கம். நாலில் நல்லதைப் பொறுக்குவதும் ஸ்டுடியோ வேலைதானே? ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்தவர் மார்ட்டின் பர்ச். 1981லிருந்து 1992 வரை மெய்டனின் ஸ்டுடியோ ஆல்பங்களையும் தயாரித்த அதே ஆள். அதற்கு முன்பே, 1972ல், டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' பதிவில் ஒலிப் பொறியாளர். கூட்டத்தின் சத்தத்தை எங்கே வைப்பது, எப்போது உள்ளே விடுவது என்பதில் ஊறினவர். நாம் 'மேடை' என்று நினைப்பதில் பர்ச்சின் கை பாதி. ஹெட்போன் போட்டுக் கேட்டால் லாங் பீச் கூட்டம் பாட்டுக்கு நடுவில் அடங்கி, முடிவில் எழும். பேலஸ் கிரவுண்ட்ஸில் என் காதுக்குப் பக்கத்தில் கத்தியவன் ஒரு நிமிடம்கூட அடங்கவில்லை.

11 மே

கூட்டத்துக்கு இடம் விட்ட பாட்டு என்றேனே, அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

டிக்கின்சன் 1993ல் போய் 1999ல் திரும்பினார். நடுவில் பிளேஸ் பெய்லி. அவர் பாடிய ஆல்பங்கள் இரண்டு, 1995லும் 1998லும். இரண்டுமே வறண்ட ஒலி, பாட்டெல்லாம் தகரக் கொட்டகைக்குள் பாடின மாதிரி. அதில் 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மன்' என்று இரண்டு பெரிய பாட்டு. 2001 ஜனவரி 19, 'ராக் இன் ரியோ', சுமார் 2.5 லட்சம் பேர் என்பார்கள், அங்கே டிக்கின்சன் அந்த இரண்டையும் பாடினார். 'தி கிளான்ஸ்மன்' ஸ்டுடியோவில் கேட்டுவிட்டு ரியோவுக்கு வாருங்கள். இதையும் நான் ஸ்டுடியோவில்தான் முதலில் கேட்டேன், ரியோவில் நிற்கவும் இல்லை. ஆனாலும் ரியோதான். என் விதி, விதிவிலக்கு இரண்டுமே படுத்துவிட்டன.

பிளேஸ் மேல் பழி போடாதீர்கள். அவர் குரல் கீழ்ஸ்தாயி. மேல் ஸ்தாயி ஆளுக்கு எழுதிய பழைய பாட்டுகளை ஒவ்வொரு ராத்திரியும் பாடச் சொன்னால் யார் தாங்குவார்? 'சைன் ஆஃப் தி கிராஸ்' தொடக்கத்தில் அந்த இருட்டு அவர் குரலில்தான் இருக்கிறது. அதை மட்டும் ரியோவிலிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுப்பேன்.

18 மே

ஸ்டுடியோ ஜெயிக்கிற இடம் ஒன்று, கேள்வி கேட்டவருக்குக் காணிக்கை. 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' தொடக்கத்தில் வரும் அலறல். அடங்கின குரலில் பாட வேண்டிய முதல் வரிகளை பர்ச் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். டிக்கின்சனுக்கு வந்த எரிச்சல் அத்தனையும் அந்த அலறலில் போய் இறங்கியது. மேடையில் பர்ச்சும் இல்லை, அந்த எரிச்சலும் இல்லை. எத்தனையோ லைவ் வடிவம் கேட்டுவிட்டேன், எதிலும் அது வரவில்லை. அலறல் வரும், ஆத்திரம் வராது.

18 மே, இன்னொன்று

2008 பிப்ரவரி 1ல் மும்பை கச்சேரி. போயிங் 757ஐ டிக்கின்சனே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி ஆரம்பித்த சுற்று. 'ஃப்ளைட் 666' ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊர். முதல் பாட்டு 'ஏசஸ் ஹை' மும்பையில் பதிந்தது. வழக்கப்படி அதற்கு முன்னால் சர்ச்சிலின் யுத்தகாலப் பேச்சு ஓடுகிறது. லாங் பீச் வடிவத்தில் அதே பேச்சு எனக்கு மயிர்க்கூச்செறியும். மும்பைக் கூட்டம் சர்ச்சில் குரலுக்கு ஆரவாரம் செய்வதைக் கேட்கும்போது 1943 வங்கப் பஞ்சம் தொண்டையில் சிக்குகிறது. பேச்சு அதே பேச்சு. ஊர் மாறினால் அர்த்தம் மாறுகிறது. கூட்டம் ஆரவாரம் செய்தது பாட்டு வரப்போகிறதே என்றுதான், எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

2 ஜூன்

சோதனைக்கு இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது: 'அலெக்சாண்டர் தி கிரேட்'. 1986ல் வந்த 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. கிட்டார் சிந்தசைசர் பூசிய ஆல்பம் அது. அந்தச் சுற்றிலிருந்து அதிகாரபூர்வ லைவ் ஆல்பம் வரவே இல்லை. இந்தப் பாட்டை மேடையில் வாசிக்கவும் இல்லை. 37 வருஷம்! 2023 மே மாதம் ஸ்லோவேனியாவில், லூப்லியானாவில்தான் முதன்முதல் வாசித்தார்கள்.

மறுநாள் காலை என் மகன் போனை மூக்குக்கு நேரே நீட்டினான். கை நடுங்காமல் எடுத்த வீடியோ, ஒலியும் சுமார். கூட்டம் அழுகிறது. எனக்கும் கண் கலங்கியது. முடிந்ததும் மகன் "எப்படிப்பா?" என்றான். "நல்லா இருந்துச்சு" என்றேன். அன்று சாயங்காலம் பாட்டைக் கேட்க ஆசை வந்தபோது போட்டது 1986 ஸ்டுடியோ வடிவம்.

அழவைத்தது பாட்டா, 37 வருஷமா? இதற்கு விடை தெரிந்தால் இந்தப் பக்கத்தையே மூடிவிடலாம்.

3 ஜூன்

என் மகனைப் பற்றி எழுதினதால் அவனுடைய வாக்குமூலம்: 'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஸ்டுடியோ வடிவத்தை முதல்முறை கேட்டபோது "கூட்டத்த யாரோ எடிட் பண்ணி எடுத்துட்டாங்க" என்று நினைத்தானாம். வம்சம்.

15 ஜூன்

நிக்கோவுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. மீண்டு வந்து வாசித்தார். 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் கடைசிக் கச்சேரி, அதோடு சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு. இப்போது டிரம்ஸில் சைமன் டாசன், ஹாரிஸின் 'பிரிட்டிஷ் லயன்' குழுவில் வாசித்தவர். மே 27 புடாபெஸ்டில் புதுச் சுற்று ஆரம்பம். போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள் என்று மேலாளர் ராட் ஸ்மால்வுட் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். கேட்காதவர்கள் புண்ணியத்தில் நான் சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

என் காதுக்கு டாசன் நிதானம். 'தி ட்ரூப்பர்' ஸ்டுடியோ நடைக்குக் கிட்டத்தில் வருகிறது. ஒவ்வொரு அடியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. டிக்கின்சனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. 66 வயதில் அவர் சுத்தமாகப் பாடுகிறார்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் ஏப்ரலில் கேட்டது இதைத்தானே? அவசரம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. உங்களுக்கு வாழ்த்துகள். எனக்கோ இரண்டு பாட்டு ஓடியதும் கால் தானாகத் தரையைத் தட்டி வண்டியை விரட்டுகிறது. 'ஓட்டுப்பா, ஓட்டு' என்று. நண்பன் டெக்கில் பெல்ட் மாற்றச் சொன்ன அதே பையன் 52 வயதிலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

22 ஜூன்

கேள்வி கேட்டவர் இரண்டரை மாதம் கழித்து வந்து ஒரே வரி எழுதியிருக்கிறார்: 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' மட்டும் ஹாமர்ஸ்மித் வடிவம்தான் பிடித்திருக்கிறதாம். ஸ்டுடியோ கட்சியின் தலைவர், அதுவும் நான் கட்சி மாறி டி'ஆனோவுக்கு ஓட்டுப் போட்ட ஒரே பாட்டில்!

அந்தப் பாட்டை இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். முதல் இரண்டு ஆல்பங்களை அவர் தொட்டதே இல்லையாம், டிக்கின்சனிலிருந்து ஆரம்பித்தவராம். எதை முதலில் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஹாமர்ஸ்மித்தான் சார். நீங்க அதைக் கெடுத்துட்டாங்கன்னு அவ்வளவு திட்டியிருந்தீங்க, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கத் தோணுச்சு."

சோதனை பாழ்.